விலை நிற்கிறது, எடை தேய்கிறது

நம்மில் பலருடைய அடுக்களையில் பல ஆண்டுகளாக இடம் மாறாமல் இருக்கும் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. முன்பெல்லாம் ஒரு பெரிய பாக்கெட்டைப் பிரித்து அதில் அடுக்கினால் கழுத்து வரை நிரம்பும். மூடியைச் சற்று அழுத்தித்தான் மூட வேண்டியிருக்கும். இன்று அதே பெயரும் அதே நிறமும் கொண்ட பாக்கெட்டைப் பிரித்து அடுக்கினால் மேலே இரண்டு விரற்கடை இடம் காலியாக நிற்கிறது. டப்பா வளரவில்லை. கடைச் சீட்டை எடுத்துப் பார்த்தால் விலையும் கூடவில்லை. குறைந்தது எது என்பதை அந்த வெற்றிடமே சொல்லிவிடுகிறது.

சூப்பர் மார்க்கெட்டின் அடுக்குகளில் இன்று பரவலாகக் காணப்படும் வழக்கம் இது. விலையைத் தொடாமல் பொருளின் அளவை மட்டும் சிறிது சிறிதாகக் குறைப்பதைப் பொருளியலார் 'ஷ்ரிங்க்ஃப்ளேஷன்' என்கின்றனர். சுருக்கப் பணவீக்கம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். விலை ஏறினால் நாம் முணுமுணுக்கிறோம்; வேறு பொருளை நாடுகிறோம்; வாங்குவதைச் சில நாள் தள்ளிப்போடுகிறோம். எடை குறைந்தால் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை, ஏனெனில் அது நமக்குத் தெரிவதே இல்லை. இவ்வழக்கத்தின் வலிமை இங்கேதான் இருக்கிறது. நம் மறுப்பும் இதைப் பற்றியதுதான்.

நாணயத்தில் ஒட்டிக்கொண்ட விலை

விலை ஏன் நிற்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். நம் நாட்டில் அன்றாடப் பொருட்களின் விலை பெரும்பாலும் கையில் இருக்கும் நாணயத்தை ஒட்டியே அமைந்திருக்கிறது. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய், பத்து ரூபாய், இருபது ரூபாய் என்பன வெறும் விலைகள் அல்ல. கடைக்காரரும் வாங்குபவரும் சில்லறை பற்றிய பேச்சே இல்லாமல் கொடுத்து வாங்கக்கூடிய புள்ளிகள். 25 காசும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30-உடன் செல்லுபடியாவது நின்றது. 50 காசு சட்டப்படி செல்லும் என்றாலும் கடைகளில் அதை வாங்குவார் அரிது. ஆகவே ஐந்து ரூபாய்ப் பொருளின் அடக்கவிலை ஐம்பது காசு கூடினால், அதை ஐந்தரை ரூபாய்க்கு விற்க நடைமுறையில் வழி இருக்கவில்லை. ஆறு ரூபாய் என்று வைத்தால் வாங்குபவர் பக்கத்து நிறுவனத்தின் ஐந்து ரூபாய்ப் பொருளுக்குப் போய்விடுவார். எஞ்சியிருந்த வழி உறைக்குள்ளே கை வைப்பது ஒன்றுதான்.

இந்தச் சிறு விலைப் பொட்டலத்தின் வரலாற்றில் தமிழ்நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ஷாம்பூவைப் புட்டியில் மட்டுமே வாங்க முடியும் என்றிருந்த நிலையை மாற்றி, ஒருமுறைக்குப் போதுமான அளவைச் சிறு உறையில் அடைத்து விற்கலாம் என்ற எண்ணத்தைக் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் முன்னெடுத்தார். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய சிக் ஷாம்பூ அவ்வெண்ணத்தைச் சிற்றூர்கள்தோறும் கொண்டு சென்றது. மாதச் சம்பளம் இல்லாத கூலித் தொழிலாளியின் வீட்டுக்கும் சந்தைப் பொருள் சென்று சேர்ந்தது அதன் நற்பயன். அதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதே வேளையில் வாங்குபவரின் கண் விலையில் மட்டும் நிலைகொண்டது. 'ஐந்து ரூபாய் பாக்கெட் ஒன்று' என்று கேட்கிறோமே தவிர, 'இத்தனை கிராம்' என்று கேட்பதில்லை. எடை நம் பேச்சிலிருந்தே மறைந்துவிட்டது. பேச்சிலிருந்து மறைந்த ஒன்றைப் பொட்டலத்திலிருந்தும் குறைப்பது எளிது.

2022-ஆம் ஆண்டு இதை நன்கு உணர்த்தியது. உக்ரைன் போரினால் சூரியகாந்தி எண்ணெயின் வரத்துத் தடைப்பட்டது. அந்த ஆண்டு ஏப்ரல் 28 முதல் சில வாரங்களுக்கு இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தி வைத்தது. சோப்பு, பிஸ்கட், நொறுக்குத்தீனி ஆகிய எல்லாவற்றுக்கும் பாமாயில் அடிப்படை மூலப்பொருள். அடக்கவிலை உயர்ந்தது, ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலங்களின் விலை உயரவில்லை, எடை குறைந்தது. பல நிறுவனங்கள் இதை மறைக்கவும் இல்லை. விலைப் புள்ளியைக் காப்பாற்ற எடையைச் சரிசெய்கிறோம் என்று முதலீட்டாளர்களிடமும் செய்தியாளர்களிடமும் வெளிப்படையாகவே சொல்லின. முதலீட்டாளரிடம் சொன்ன அதைப் பொருளை வாங்குபவரிடம் மட்டும் யாரும் எடுத்துச் சொல்லவில்லை.

இருபது என்றால் இருபத்தைந்து

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். பத்து ரூபாய்க்கு 100 கிராம் கிடைத்த ஒரு பொருள் இப்போது அதே பத்து ரூபாய்க்கு 80 கிராமாகக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இருபது விழுக்காடு குறைந்திருக்கிறது என்று நாம் நினைப்போம். உண்மையில் ஒரு கிராமின் விலை 10 காசிலிருந்து 12.5 காசாக ஏறியிருக்கிறது. அதாவது விலையேற்றம் இருபத்தைந்து விழுக்காடு. முன்போல 100 கிராம் வேண்டுமென்றால் நாம் பன்னிரண்டரை ரூபாய் கொடுக்க வேண்டும். எடையில் ஏற்படும் குறைவைவிட விலையில் ஏற்படும் உயர்வு எப்போதும் சற்று அதிகமாகவே இருக்கும். குறைவு பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளியும் பெருகும். எடை பாதியானால் விலை இரட்டிப்பு. ஐம்பது விழுக்காட்டுக் குறைவு நூறு விழுக்காட்டு உயர்வாகிவிடுகிறது.

இதை ஒரு குடும்பத்தின் வரவு செலவில் வைத்துப் பார்க்கலாம். மாதம் 3,000 ரூபாய்க்குப் பொட்டலப் பொருட்கள் வாங்கும் ஒரு வீட்டில், எல்லாப் பொருட்களின் அளவும் பத்து விழுக்காடு குறைந்துவிட்டதாகக் கொள்வோம். முன்பு கிடைத்த அளவையே பெற இனி மாதம் ஏறத்தாழ 3,333 ரூபாய் தேவைப்படும். ஆண்டுக்கு 4,000 ரூபாய் கூடுதல். ஐந்து ஆண்டுகளில் வட்டியைச் சேர்க்காமலே 20,000 ரூபாய். தொடர் வைப்புக் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டிய ஒரு தொகை, எந்தச் சீட்டிலும் பதிவாகாமல் கரைந்து போகிறது. வீட்டுக் கணக்கு எழுதுபவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகின்றனர். 'எல்லாம் பழைய விலைக்குத்தான் வாங்குகிறோம். மாதக் கடைசியில் மட்டும் ஏன் கையைக் கடிக்கிறது?' என்ற கேள்விக்கு விடை விலைப் பத்தியில் இல்லை. எண்ணிக்கைப் பத்தியில் இருக்கிறது. இருபத்தைந்து நாள் வந்த சோப்பு இருபது நாளில் தீர்ந்துவிடுகிறது. ஒன்றுக்கு ஒன்றேகால் வாங்குகிறோம்.

சேமிப்பவர்களுக்கு இதில் இன்னொரு பாடமும் உண்டு. 2016 முதல் ரிசர்வ் வங்கி நுகர்வோர் விலைக் குறியீட்டை அடிப்படையாகக் கொண்டு, நான்கு விழுக்காடு என்ற பணவீக்க இலக்கோடு செயல்பட்டு வருகிறது. எடை மாற்றத்தையும் கணக்கில் கொண்டு ஒத்த அளவுக்கான விலையை ஒப்பிடுவதே புள்ளியியலின் நெறி. களத்தில் விலை சேகரிப்பவர் உறையின் விலையோடு எடையையும் சேர்த்துக் குறித்தால்தான் அது இயலும். வீட்டில் கணக்கெழுதும் நமக்கும் அதே நெறி பொருந்தும். விலையை மட்டும் எழுதி வைத்தால் நம் பணவீக்கம் சுழியம் என்று நாமே நம்பிவிடுவோம்.

சட்டம் வந்த வழி

அளவை என்பது இந்நாட்டில் வணிகர் தம் விருப்பப்படி வைத்துக்கொண்ட ஒன்றாக ஒருபோதும் இருந்ததில்லை. எடைகளையும் அளவைகளையும் கண்காணிக்கத் தனி அதிகாரி இருக்க வேண்டும் என்று அர்த்தசாஸ்திரம் வகுத்தது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் 'ஆடவல்லான்' என்ற மரக்காலுக்குப் பெயர் சொல்லி நெல் அளந்த செய்தி பொறிக்கப்பட்டிருக்கிறது. எந்த மரக்காலால் அளந்தது என்பதைக் கல்லில் எழுதி வைத்தால்தான் பின்வருவோர் அளவைக் குறைக்க முடியாது என்று அன்றே அறிந்திருந்தனர்.

விடுதலைக்குப் பின் 1956-இல் எடையளவுச் சட்டம் இயற்றப்பட்டு, 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் அளவை படிப்படியாக வந்தது. 1976-இல் விரிவான சட்டமும், 1977-இல் பொட்டலப் பொருட்களுக்கான விதிகளும் வந்தன. இன்று நடைமுறையில் இருப்பவை 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும், 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளும் ஆகும். உறையின் மேல் நிகர எடை, வரிகள் அனைத்தும் உட்பட்ட அதிகபட்ச சில்லறை விலை, தயாரித்த மாதமும் ஆண்டும், தயாரிப்பாளர் முகவரி ஆகியவை அச்சிடப்படுவது இவ்விதிகளால்தான்.

2011 விதிகளோடு ஓர் அட்டவணையும் இருந்தது. தேயிலை, காப்பி, பிஸ்கட், ரொட்டி, சமையல் எண்ணெய், உப்பு, சோப்பு, மாவு வகைகள், குடிநீர் உள்ளிட்ட 19 வகைப் பொருட்களை இன்னின்ன அளவுகளில்தான் பொட்டலமிட வேண்டும் என்று அது வரையறுத்தது. 2021 நவம்பரில் அறிவிக்கப்பட்ட திருத்தம் அந்த அட்டவணையை நீக்கியது. அதற்கு ஈடாக, ஒரு கிராமுக்கு அல்லது ஒரு கிலோவுக்கு எவ்வளவு விலை என்னும் 'அலகு விலை'யை உறையில் அச்சிட வேண்டும் என்றும் விதித்தது. காலநீட்டிப்புகளுக்குப் பின் அது நடைமுறைக்கு வந்தது. எந்த அளவில் வேண்டுமானாலும் விற்கட்டும். அலகு விலை தெரிந்தால் வாங்குபவர் தாமே ஒப்பிட்டுக்கொள்வார் என்பது இத்திருத்தத்தின் எண்ணம்.

எண்ணம் நல்லதே. நடைமுறையில் மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் அலகு விலை கிராமுக்கு இவ்வளவு என்றும், ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பொட்டலத்தில் கிலோவுக்கு இவ்வளவு என்றும் அச்சிடப்படுகிறது. ஒன்றில் 'கிராமுக்கு ரூ.0.24' என்றும் அருகிலுள்ள பெரிய பையில் 'கிலோவுக்கு ரூ.230' என்றும் இருந்தால், எது மலிவு என்பதை நின்ற நிலையில் எத்தனை பேரால் சொல்ல முடியும்? கிராமுக்கு 24 காசு என்பது கிலோவுக்கு 240 ரூபாய் என்று மாற்றிப் பார்த்த பிறகே விடை கிடைக்கிறது. இரண்டாவது, அந்த எண் உறையின் மடிப்பிலோ அடிப்பகுதியிலோ, கண்ணாடி இல்லாமல் படிக்க முடியாத சிறு எழுத்தில் இருப்பது வழக்கமாகிவிட்டது. மூன்றாவது, அலகு விலை இன்றைய விலையைச் சொல்லுமேயன்றி நேற்றைய விலையைச் சொல்லாது. இப்பொருள் சென்ற மாதம் எவ்வளவு எடை இருந்தது என்ற கேள்விக்கு உறையில் எங்கும் விடை இல்லை.

மறுதரப்பும் கேட்கத்தக்கதே

நிறுவனங்களின் வாதத்தை நாம் ஒதுக்கிவிட முடியாது. மூலப்பொருள் விலை ஏறும்போது யாராவது அச்சுமையை ஏற்றாக வேண்டும். ஐந்து ரூபாய் மட்டுமே கையில் வைத்திருப்பவரிடம் ஆறு ரூபாய் கேட்டால் அவர் வெறுங்கையோடு திரும்புவார். எடையைச் சற்றுக் குறைத்தால் அவருக்குக் கொஞ்சமாவது கிடைக்கும். மேலும், நிகர எடை உறையில் அச்சிடப்பட்டே இருக்கிறது. அச்சிட்ட எடை உள்ளே இருக்கும்வரை அது ஏமாற்று ஆகாது. இவ்வளவும் உண்மை.

எனினும் சொல்லப்படாத ஒரு பகுதி இருக்கிறது. அடக்கவிலை ஏறியபோது குறைந்த எடை, அடக்கவிலை இறங்கியபோது அதே வேகத்தில் மீண்டும் ஏறியதை நாம் எத்தனை முறை கண்டிருக்கிறோம்? எடை குறையும்போது உறை வாய் திறப்பதில்லை. எப்போதாவது எடை கூடினால் '20 விழுக்காடு கூடுதல்' என்று உறையின் நெற்றியில் பெரிய எழுத்தில் வருகிறது. கூடுதலைப் பறைசாற்ற இடம் இருக்கும் உறையில் குறைவைச் சொல்ல மட்டும் இடம் இல்லையா? உறையின் நீள அகலம் மாறாமல் உள்ளே காற்றை மட்டும் மிகுதியாக அடைப்பதும், புட்டியின் அடியை உள்நோக்கிக் குழிப்பதும் செலவைக் குறைக்கும் செயல்கள் அல்ல. குறைந்தது தெரியாமல் இருக்கச் செய்யும் ஏற்பாடுகள். எடையைக் குறைப்பது வணிக முடிவு. குறைத்ததை மறைப்பது வேறு. முதலாவதை நாம் பொறுத்துக்கொள்ளலாம். இரண்டாவதைப் பொறுக்க வேண்டியதில்லை.

2025 செப்டம்பர் 22 அன்று நடந்தது இதற்கு ஒரு நல்ல உரைகல். அன்றுமுதல் பிஸ்கட், சோப்பு, ஷாம்பூ, பற்பசை முதலியவற்றின் மீதான ஜி.எஸ்.டி. 18 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. ஐந்து ரூபாய் பிஸ்கட்டின் விலை இக்கணக்கின்படி 4 ரூபாய் 45 காசு ஆக வேண்டும். அந்த விலைக்குச் சில்லறை கொடுப்பது கடினம் என்பதால், விலையை நிறுத்தி எடையைக் கூட்டுகிறோம் என்று பல நிறுவனங்கள் கூறின. முழுப் பயனும் வாங்குபவருக்கே தரப்பட்டால் எடை பன்னிரண்டு விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாகக் கூட வேண்டும். 55 கிராம் இருந்த பாக்கெட் ஏறத்தாழ 62 கிராம் ஆக வேண்டும். வரி குறைவதற்கு முன் வாங்கிய உறை ஒன்று வீட்டில் கிடந்தால் எடுத்து, இன்றைய உறையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆனால் பழைய உறையை யார் பாதுகாத்து வைக்கிறார்கள்? முந்தைய எடையை உறையிலேயே அச்சிட்டிருந்தால் இந்தச் சோதனைக்குக் குப்பைக் கூடையைத் தேட வேண்டியிருக்காது. வாக்கைக் காப்பாற்றிய நிறுவனத்துக்கும் அது நற்சான்றாக அமைந்திருக்கும்.

எளியவர்க்கே பெரிய இழப்பு

இவ்வழக்கத்தின் சுமை எல்லோர் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. வசதியுள்ள குடும்பம் மாதம் ஒருமுறை பெரிய பைகளாக வாங்குகிறது. ஒன்றைத் தவிர்த்து மற்றொன்றைத் தேர்ந்தெடுக்க அதற்கு இடம் உண்டு. அன்றாடம் கூலி பெற்று அன்றாடம் வாங்குபவருக்கு ஐந்து ரூபாய், பத்து ரூபாய்ப் பொட்டலங்கள்தாம் உலகம். எடைக் குறைப்பு மிகுதியாக நடப்பதும் அங்கேதான். 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட விலைக் குறியீட்டில் உணவு, பானங்களின் பங்கு நகர்ப்புறத்தில் 36 விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். ஊரகத்தில் 54 விழுக்காட்டுக்கும் மேல். வருமானம் சுருங்கச் சுருங்க உணவுக்குப் போகும் பங்கு பெருகும். ஆகவே உணவுப் பொட்டலம் சுருங்கினால் முதலில் சுருங்குவது ஏழை வீட்டுப் பிள்ளையின் மாலைத் தீனியாகத்தான் இருக்கும்.

சட்டத்தின் பாதுகாப்பும் அங்கே மெலிந்தே இருக்கிறது. 10 கிராம் அல்லது 10 மில்லிலிட்டருக்கு மேற்படாத சிறு உறைகளுக்குப் பொதுவாக இந்தப் பொட்டல விதிகளிலிருந்து விலக்கு உண்டு. ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் ஷாம்பூ உறைகள் பலவும் இந்த எல்லைக்குள் அடங்குபவை. உறை சிறியது, எழுத்துக்கு இடம் போதாது என்பதே விலக்குக்குக் காரணம் என்று கொள்ளலாம். ஆனால் விளைவு என்ன? மிகக் குறைவாகப் பணம் வைத்திருப்பவருக்கு மிகக் குறைவாகத் தகவல் கிடைக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரம், அளவு, தூய்மை, விலை பற்றி அறிந்துகொள்வதை நுகர்வோரின் உரிமையாக எண்ணுகிறது. உரிமை பெரிய பாக்கெட்டுக்கு ஒன்று, சிறிய பாக்கெட்டுக்கு ஒன்று என்று இருக்க முடியாது.

நாம் வேண்டுவது

எடையைக் குறைக்கவே கூடாது என்று தடை விதிக்கச் சொல்லவில்லை. அத்தகைய தடை வந்தால் விலை ஏறும். அல்லது தரம் குறையும். கண்ணுக்குத் தெரியும் ஒன்றை மூடி, தெரியாத ஒன்றைத் திறந்துவிட்டவர்களாவோம். நாம் கேட்பது வெளிப்படைத்தன்மை ஒன்றையே.

முதலாவதாக, ஒரு பொருளின் அளவைக் குறைத்தால், குறைத்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்கேனும் 'முன்பு இவ்வளவு. இப்போது இவ்வளவு' என்று உறையின் முகப்பிலேயே அச்சிட வேண்டும். இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு அல்ல. தென் கொரியாவில் 2024 ஆகஸ்ட் முதல் குறிப்பிட்ட பொருட்களின் அளவைக் குறைக்கும் உற்பத்தியாளர் அதை மூன்று மாதங்களுக்கு அறிவிக்க வேண்டும், தவறினால் அபராதம். பிரான்சில் 2024 ஜூலை முதல் பெரிய கடைகள், அளவு குறைந்து அலகு விலை ஏறிய பொருட்களின் அருகே அதை இரண்டு மாதங்களுக்கு அறிவிப்பாக வைக்க வேண்டும். அங்கே இயல்வது இங்கே இயலாமற் போகக் காரணம் இல்லை.

இரண்டாவதாக, அலகு விலையை எல்லாப் பொட்டலங்களுக்கும் ஒரே அளவையில், கிலோவுக்கு அல்லது லிட்டருக்கு இவ்வளவு என்று அச்சிட வேண்டும். சூப்பர் மார்க்கெட் அடுக்கின் விலைச் சீட்டிலும், செல்பேசிச் செயலியிலும் விலைக்கு அருகிலேயே படிக்கக்கூடிய எழுத்தில் காட்ட வேண்டும்.

மூன்றாவதாக, எண்ணெய், மாவு, உப்பு, தேயிலை போன்ற அடிப்படைப் பொருட்களுக்கேனும் வரையறுத்த பொட்டல அளவுகளை மீண்டும் கொண்டுவருவது பற்றி அரசு ஆராய வேண்டும். ஒரு லிட்டர் எண்ணெய் உறை போலவே தோற்றமளிக்கும் உறையில் 850 மில்லியும் 800 மில்லியும் அடுத்தடுத்து நின்றால், அது தெரிவுச் சுதந்திரம் ஆகாது, குழப்பம்.

நான்காவதாக, சில்லறைத் தட்டுப்பாடு என்ற பழைய காரணம் இன்று வலுவிழந்து வருகிறது. 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. இன்று தேநீர்க் கடை வரை வந்துவிட்டது. ஐந்து ரூபாய் ஐம்பது காசையும் துல்லியமாகச் செலுத்த அதில் தடையில்லை. நாணயத்துக்காக எடையை வெட்டிய காலம் மெல்ல மெல்ல முடிவுக்கு வரலாம்; வர வேண்டும்.

இவ்வாறு பிறரை நோக்கிச் சொல்லும்போது, வங்கித் துறையின் வீட்டையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். கடன் வாங்குபவருக்கும் நெடுங்காலம் இதே இடர் இருந்தது. வட்டி விகிதம் முகப்பில் நிற்கும். செயலாக்கக் கட்டணமும் காப்பீட்டுத் தொகையும் சிறு எழுத்தில் மறையும். 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர் கடன்களுக்கும் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான கடன்களுக்கும், எல்லாக் கட்டணங்களையும் உள்ளடக்கிய ஆண்டு விகிதத்தை 'முக்கிய விவர அறிக்கை'யில் எளிய மொழியில் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. அந்த ஆண்டு விகிதம் கடனின் அலகு விலை போன்றது. கடனுக்குப் பொருந்தும் நேர்மை காப்பித்தூளுக்கும் பொருந்தும்.

கையில் இருக்கும் கருவிகள்

சட்டம் வரும்வரை நாம் வெறுமனே இருக்க வேண்டியதில்லை. அடிக்கடி வாங்கும் பத்துப் பொருட்களின் பெயர், எடை, விலை மூன்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைப்போம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை புதிய உறையோடு ஒப்பிடுவோம். விலையை எடையால் வகுக்கச் செல்பேசியில் உள்ள கணிப்பானே போதும். பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நம்பிவிடாமல் அதையும் வகுத்துப் பார்ப்போம். 'புதிய உறை', 'புதிய வடிவம்' என்ற சொற்களைக் கண்டால் எடையை ஒருமுறை கூடுதலாக நோக்குவோம். உறையில் அச்சிட்ட எடையைவிடப் பொருள் குறைவாக இருந்தால் அது முற்றிலும் வேறு குற்றம். அதற்கு மாநில எடையளவுத் துறை இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலும் முறையிடலாம்.

கண் மங்கிய பெற்றோர் வீட்டில் இருந்தால் அவர்களோடு ஒருமுறை கடைக்குச் செல்வோம். சிறு எழுத்தைப் படிக்க இயலாமல், பழக்கத்தை நம்பிப் பொருளை எடுப்பவர்கள் அவர்கள். நம் பிள்ளைகளுக்கு இந்த வகுத்தல் கணக்கைக் கடையிலேயே சொல்லிக் கொடுப்போம். பள்ளியில் படித்த விகிதமும் விழுக்காடும் எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை கிடைக்காது.

ஒரு பாக்கெட்டில் குறைந்த சில கிராமுக்கு இத்தனை பேச்சா என்று தோன்றலாம். நாம் பேசுவது அந்தச் சில கிராமைப் பற்றி மட்டும் அல்ல. பெயரையும் நிறத்தையும் பார்த்தே நாம் ஒரு பொருளை எடுத்துக் கூடையில் இடுகிறோம், எடையைப் பார்ப்பதில்லை. அந்த நிறுவனத்தின் மீது பல்லாண்டுகளாக நாம் வைத்த நம்பிக்கை அது. அந்த நம்பிக்கையைத்தான் சொல்லாமல் எடுத்துக்கொள்கிறார்கள். குறைத்தால் சொல்லிக் குறையுங்கள் என்பதே நம் வேண்டுகோள். சொல்லிவிட்டால் வாங்குவதா வேண்டாமா என்பதை நாம் முடிவு செய்துகொள்வோம். அதுவரை அடுக்களை டப்பாவை அவ்வப்போது திறந்து, எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.